அந்த ஐந்து வாரங்களுக்கு என்ன பெயர்? புரட்சி, பொதுச் சுதந்திரம் பற்றி ஒரு கேள்வி

மொட்டைமாடி எழுதியது:

வணக்கம். நான் அரசியல் தத்துவம் முறையாகப் படித்தவள் இல்லை. ஒரு வருடமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தைக் கேட்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் 64 வீடுகள். பராமரிப்புப் பொறுப்பில் இருந்த நிறுவனம் போன வருடம் சொல்லாமல் கொள்ளாமல் கைகழுவிவிட்டுப் போய்விட்டது. மோட்டார் ஓடவில்லை, லிஃப்ட் நின்றுவிட்டது. முதல் நாள் இரவு எல்லோரும் கோபத்தில் மொட்டைமாடியில் கூடினோம். மறுநாளும் கூடினோம். அப்படியே ஐந்து வாரம், தினமும் இரவு எட்டரை மணிக்கு. தலைவர் என்று யாரும் கிடையாது. யாரோ தன் பிள்ளைக்கு வாங்கிய வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்துவைத்து அன்றைய விஷயங்களை எழுதுவோம். மாடியில் விளக்கு இல்லை. ஒரே ஒரு டார்ச். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம் என்பது தானாக ஏற்பட்ட வழக்கம்.

மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓர் அம்மா, படிக்கட்டில் எதிரே வந்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போகிறவர். இரண்டாவது வாரம் ஒருநாள் கையை நீட்டி டார்ச்சை வாங்கினார். கை நடுங்கியதில் வெளிச்சம் தொட்டிச் சுவரில் ஆடியது. கீழ்த்தொட்டியின் மீட்டரை மூன்று நாளாகப் படுக்கப்போகும் முன்பும் விடிந்ததும் பார்த்து, காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைத்திருந்தார். எல்லோரும் தூங்கும் நேரத்தில் தண்ணீர் குறைகிறது என்றால் குழாய் எங்கோ உடைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். மறுநாள் தோண்டிப் பார்த்தோம். உடைந்துதான் இருந்தது. அதற்கு அப்புறம் அவர் பேசாத கூட்டமே இல்லை.

பிறகு சங்கம் பதிவு செய்தோம், 7 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுத்தோம். குறை சொல்ல மாட்டேன், நல்லவர்கள்தான், வேலை ஒழுங்காக நடக்கிறது. ஆனால் வாட்ஸாப் குழுவில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுத முடியும். கடைசியாக நடந்த பொதுக்குழுவுக்கு 9 பேர் வந்தோம். அந்த அம்மா மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறார்.

தண்ணீர் வருகிறது, லிஃப்ட் ஓடுகிறது. கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. இருந்தும் நான் ஏங்குவது தண்ணீர் வராத அந்த ஐந்து வாரங்களுக்குத்தான். இதை வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். புரட்சிகளைப் பற்றி எழுதியவர்கள் யாராவது இப்படி ஓர் ஏக்கத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்களா? பெரிய அளவிலும் இப்படித்தான் முடிகிறதா?

---

பழுப்புத்தாள் எழுதியது:

சகோதரி, உங்கள் ஏக்கத்துக்குப் பெயர் உண்டு. அதற்கு இருநூற்றைம்பது வயது ஆகப்போகிறது. அமெரிக்கப் புரட்சியின் காலத்து ஆட்கள் அதைப் ‘பொது மகிழ்ச்சி’ என்றார்கள். ஊர்க்கூட்டத்துக்குப் போவது கடமை என்பதற்காக மட்டும் அல்ல, வீட்டுச் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அல்ல. கூடிப் பேசி முடிவெடுப்பதிலேயே ஒரு சந்தோஷம் இருக்கிறது, அது வீட்டுக்குள் கிடைக்காது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். இந்தச் சொல்லைத் தூசி தட்டி எடுத்து 1963இல் புரட்சியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர் ஹன்னா ஆரெண்ட் என்ற அரசியல் சிந்தனையாளர். 1933இல் ஜெர்மனியை விட்டுத் தப்பி, 1941இல் அமெரிக்கா வந்து சேர்ந்தவர். நாடில்லாமல் திரிந்த ஒருவர் என்பதால்தான் ‘தனக்கென ஓர் இடம்’ என்பதற்கு அவர் கொடுத்த எடை எனக்கு மிகவும் உண்மையாகப் படுகிறது.

அவர் சொல்வதில் எனக்குப் பிடித்த பகுதியைத் தமிழில் எளிதாகச் சொல்லலாம். நம்மிடம் விடுதலை, சுதந்திரம் என்று இரண்டு சொல் இருக்கிறது. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஆனால் ‘விடு’ என்பதிலேயே பாருங்கள், யாரோ பிடித்திருந்த பிடி விட்டுப்போவது அது. பிடி விட்டபிறகு என்ன? அப்போது நாலு பேர் நடுவில் நின்று, நம் சொல்லும் செயலும் கணக்கில் வரும்படி வாழ்வது சுதந்திரம். முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. ஆனால் முதலாவது வந்துவிட்டால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். உங்களுக்குத் தண்ணீர் வந்தது, விடுதலை. டார்ச் போனது.

பெரிய அளவிலும் இப்படித்தான் முடிந்திருக்கிறது. அமெரிக்காவிலேயே பாருங்கள். ஊர்க்கூட்டங்கள்தான் புரட்சிக்குப் பள்ளிக்கூடம். 1787இல் அரசமைப்பு எழுதியபோது அவற்றுக்கு அதில் ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் அப்போது தூதராகப் பாரிஸில் இருந்தார். பல வருடம் கழித்து, பதவியெல்லாம் முடிந்து வீட்டில் இருந்த காலத்தில், அந்த ஓட்டை அவருக்கு உறைத்தது. மாவட்டங்களைச் சின்னச் சின்ன வட்டங்களாகப் பிரியுங்கள், ஒவ்வொருவரும் தேர்தல் நாளில் மட்டும் அல்லாமல் தினமும் அரசாங்கத்தில் பங்குள்ளவராக இருக்க வேண்டும் என்று 1816இல் கடிதம் கடிதமாக எழுதினார். ரோமின் கேட்டோ எந்தப் பேச்சையும் எதிரி நகரமான கார்த்தேஜை அழிக்க வேண்டும் என்று முடிப்பாராம். அதுபோல என் ஒவ்வொரு கருத்தையும் ‘வட்டங்களாகப் பிரியுங்கள்’ என்றே முடிப்பேன் என்றார். யாரும் பிரிக்கவில்லை. அந்த வட்டங்களில் தன் பண்ணையில் உழைத்த அடிமைகளுக்கு அவர் இடம் வைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அப்புறம் பாருங்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே இது திரும்பத் திரும்ப முளைக்கிறது. 1871இல் பாரிஸ் மக்கள் நகரத்தைத் தாங்களே ஆண்ட பாரிஸ் கம்யூன், 72 நாள். 1905இல் ரஷ்யாவின் சோவியத்துகள், அதாவது தொழிலாளர்கள் தாங்களே கூட்டிய அவைகள் (கவுன்சில்கள்). 1917இல் அவை மறுபடி முளைத்தன. 1918இல் ஜெர்மனியில் மாலுமிகள், படைவீரர்கள், தொழிலாளர்கள் அமைத்த அவைகள். எந்தக் கட்சியும் திட்டம் போட்டு ஆரம்பித்தது இல்லை. புரட்சியையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட அவற்றைப் பார்த்து முதலில் திகைத்துத்தான் போனார்கள்.

எனக்கு நெஞ்சைத் தொடுவது 1956 ஹங்கேரி. சோவியத் பிடியில் இருந்த அரசுக்கு எதிராக அக்டோபர் 23இல் எழுச்சி. சில நாட்களுக்குள் ஆலைகளில், பல்கலைக்கழகங்களில், குடியிருப்புகளில், எழுத்தாளர்கள் நடுவில் எல்லாம் அவைகள். நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் இரண்டாவது முறை உள்ளே வந்தன. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. பெரும் புடாபெஸ்ட் மத்தியத் தொழிலாளர் அவை அமைந்ததே அதற்குப் பத்து நாள் கழித்து, நவம்பர் 14இல். தெருவில் டாங்கி நிற்கும்போது ஆலை ஆலையாக ஆள் அனுப்பி ஓர் அவையைக் கூட்டியிருக்கிறார்கள். அதன் தலைவர் ஷாண்டோர் ராட்ஸுக்கு 23 வயது, கருவிகள் செய்யும் தொழிலாளி. டிசம்பர் 11இல் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டுக் கைது செய்தார்கள். ‘நடைமுறைக்கு ஒத்துவராத கனவு’ என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பத்து நாள்தான் ஞாபகம் வரும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. முப்பத்தோரு வயதில் 23 நாள் வேலைநிறுத்தம் ஒன்றில் இருந்தேன். தினமும் காலை ஆலை வாசலில் கூட்டம், யார் வேண்டுமானாலும் பேசலாம். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. நல்ல ஒப்பந்தம், தட்டச்சு செய்தவனே நான்தான். சம்பளம், ஓய்வு நேரம், காப்பீடு, எல்லாம் அதில் இருந்தது. காலைக் கூட்டம் பற்றி ஒரு வரி இல்லை. போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

---

மூன்றாம்மணி எழுதியது:

வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள் நான். பழுப்புத்தாள் ஐயா எழுதியதை மரியாதையோடு படித்தேன். ஆனால் அதில் அவைகள் எப்போதும் வெளியிலிருந்துதான் அழிக்கப்படுகின்றன. அது பாதிக் கதை.

1918 டிசம்பரில் ஜெர்மனியின் அவைகள் எல்லாம் பெர்லினில் மாநாடு கூட்டின. அவைகளையே ஆட்சியின் அடித்தளமாக்குவோமா என்று ஓட்டுக்கு வந்தபோது 344க்கு 98 என்று அவர்களே தோற்கடித்தார்கள். அடுத்த மாதமே, 1919 ஜனவரி 19இல், நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில்தான் ஜெர்மன் பெண்கள் முதல்முறை நாடு முழுவதற்குமான ஓட்டைப் போட்டார்கள். ஆலையிலும் படைமுகாமிலும் கூடிய அவைகளில் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? நேரில் கூடுகிற ஜனநாயகம் என்றால் எனக்கு முதலில் எழும் கேள்வி இதுதான்: கூட்டம் நடக்கும் நேரத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது யார்?

பழங்கால ஏதென்ஸின் மக்கள் சபையில் பெண்கள் இல்லை, அடிமைகள் இல்லை, வெளியூரிலிருந்து வந்து தலைமுறையாக வாழ்ந்தவர்கள் இல்லை. சுவிட்சர்லாந்தின் அப்பென்சல் இன்னர்ரோடன் மாநிலத்தில் இன்றும் மக்கள் சதுக்கத்தில் கூடிக் கையைத் தூக்கி ஓட்டுப் போடுகிறார்கள். படத்தில் பார்க்க அழகாக இருக்கும். மாநில விவகாரங்களில் பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று அந்தச் சதுக்கத்தில் கேட்டபோதெல்லாம் வேண்டாம் என்றே கைகள் உயர்ந்தன. கடைசியில் 1990இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் கொடுக்க வைத்தது. நேரடி ஜனநாயகம் மூடிவைத்த கதவை ஒரு நீதிமன்றம் திறந்தது.

மொட்டைமாடி சகோதரியிடம் ஒரு கேள்வி. 64 வீட்டில் எத்தனை வீட்டிலிருந்து ஆட்கள் மாடிக்கு வந்தார்கள்? வராதவர்கள் யார், ஏன் வரவில்லை? சங்கத்தில் ஓட்டு யாருக்கு?

---

பழுப்புத்தாள் எழுதியது:

மணியம்மா கேட்டது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் நியாயமான கேள்வி. எங்கள் ஆலை வாசலில் பெண்கள் ஆறு பேர்தான், அவர்களில் பேசியவர் ஒருவர்.

பெர்லின் ஓட்டை நான் விட்டது தவறு. அதே நேரத்தில், தானாகச் சோர்ந்து விலகியவையும் உண்டு, பயந்தவர்களால் நசுக்கப்பட்டவையும் உண்டு; இரண்டையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. பிரெஞ்சுப் புரட்சியின்போது பாரிஸின் 48 வட்டாரக் கூட்டங்கள் தினமும் கூடிக்கொண்டிருந்தன. 1793 செப்டம்பரில் புரட்சி அரசே அவற்றின் கூட்டங்களுக்கு வரம்பு கட்டியது. வரும் ஏழைகளுக்கு 40 சூ (அன்றைய சில்லறைக் காசு) படி கொடுத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது நல்ல காரியம். ஆனால் காசும் கொடுத்து, வாயையும் கட்டினால் என்ன செய்வது? 1921இல் ரஷ்யாவின் குரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்து மாலுமிகள் கேட்ட முதல் கோரிக்கை சோவியத்துகளுக்கு ரகசிய வாக்கில் புதுத் தேர்தல். சோவியத்தின் பெயரில் ஆண்டவர்கள் அதற்குப் பீரங்கியால் பதில் சொன்னார்கள்.

ஆரெண்டோடு எனக்கு ஒரு பெரிய முரண்பாடு உண்டு, இங்கே அதைச் சொல்லியாக வேண்டும். வறுமை, வீடு, ஆலை நிர்வாகம் போன்றவை அரசியல் இல்லை, தெரிந்தவர்கள் கையில் விட வேண்டிய நிர்வாகம் என்று அவர் கோடு கிழித்துவிடுகிறார். அந்தக் கோட்டின்படி உங்கள் மோட்டார் பிளம்பர் சமாச்சாரம். ஆனால் மாடியில் நடந்தது என்ன? மீட்டரைப் பார்த்த அம்மா தண்ணீரைப் பற்றித்தான் பேசினார், பேசியதால்தான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார். இரண்டையும் பிரித்தால் அந்த அம்மாவுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கும்?

அமெரிக்கப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் ஏழையைப் பற்றி எழுதிய ஒரு குறிப்பு உண்டு. ஏழையை யாரும் திட்டுவதில்லை, வெறுப்பதில்லை. அவன் இருப்பதே கண்ணில் படுவதில்லை, அதுதான் அவன் வேதனை என்று. பசியை மட்டும் பார்க்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் மாடி அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

---

சீட்டுக்குலுக்கல் எழுதியது:

இரண்டு பேரும் பேசாத ஒன்று, குலுக்கல். ஏதென்ஸ் பழைய சந்தைவெளியில் உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. நான் நேரில் பார்த்தேன், கால்மணி நேரம் நகரவில்லை. உடைந்த பலகைக்கல், அதில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொல்ல உட்கார விரும்புகிறவர்கள் தங்கள் பெயர் பொறித்த தகட்டை அந்தப் பிளவில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய் வழியாகக் கறுப்பும் வெள்ளையுமாகக் குண்டுகள் விழும். வெள்ளை விழுந்த வரிசைக்கு அன்று வேலை, கறுப்பு விழுந்த வரிசை வீட்டுக்கு. நல்ல பேச்சுக்காரன், பணக்காரன், பிரபலமானவன் யாருக்கும் அந்தக் கல் வழிவிடாது.

ஐந்நூறு பேர் ஆட்சிக்குழுவும் குலுக்கல்தான். ஒரு வருடப் பதவி, வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. அன்றன்றைக்குத் தலைமை தாங்குகிறவர் ஒரே ஒரு நாள்தான் தலைவர். அடிமைகளையும் பெண்களையும் வெளியே நிறுத்திய ஊர் அது, மணியம்மா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கல்லின் மேல் பழி இல்லை. உள்ளே யார் பெயரைச் செருகலாம் என்று முடிவு செய்தது மனிதர்கள். அயர்லாந்தில் 2016இல் எல்லாத் தரப்பிலிருந்தும் குலுக்கல் முறையில் 99 பேரை எடுத்து, ஆணும் பெண்ணுமாக மாதக்கணக்கில் உட்காரவைத்துக் கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச வைத்தார்கள். அரசியல்வாதிகள் தொடப் பயந்த விஷயம். அவர்கள் பரிந்துரைத்ததை ஒட்டி 2018 மே மாதம் வாக்கெடுப்பு நடந்து, 66 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்தது.

சதுக்கக் கூட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் 25 ஊராட்சிகள் இருந்தன. 2006இல் அவற்றைப் பத்தாகக் குறைக்கலாம் என்று அரசு கேட்டது. கூட்டத்திலிருந்து ஒரு குடிமகன் எழுந்து மூன்று போதும் என்றார். சபை அவர் பக்கம் போனது. இன்று அங்கே மூன்றுதான். தலைவர்களைவிடத் துணிச்சலாகக் கூட்டம் முடிவெடுத்த கதையும் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் குழுவில் ஏழில் மூன்று இடத்தையாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கிப் போடுங்கள். டார்ச் கை மாறும்.

---

மொட்டைமாடி எழுதியது:

பதில் எழுத நாலு நாள் ஆகிவிட்டது, மன்னியுங்கள். மணியம்மா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. அதனால் செயலாளரிடம் சங்க விதிகளை வாங்கிப் படித்தேன். பதிவின்போது யாரோ ஒரு மாதிரிப் படிவம் கொண்டுவந்தார், அதை அப்படியே நிரப்பிக் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டிருக்கிறேன், படிக்காமல்.

உறுப்பினர் என்றால் வீட்டின் சொந்தக்காரர் என்று ஒரே வரியில் இருக்கிறது. 64 வீட்டில் 20 வீடு வாடகை. மாடிக்கு வந்தவர்களில் பாதிக்குமேல் அவர்கள்தான், தண்ணீர் இல்லாமல் தவித்தது அங்கே குடியிருக்கிறவர்கள்தானே, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரா தவிப்பார்? மூன்றாம் மாடி அம்மா வாடகைக்கு இருக்கிறவர். அவர் மனம் மாறி வராமல் இருக்கிறார் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொதுக்குழு அறிவிப்பே அவருக்குப் போனதில்லை.

விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 44 சொந்தக்காரர்களில் 30 பேர். இதுவரை 11 பேரிடம் பேசியிருக்கிறேன், 8 பேர் சரி என்றார்கள். ஒருவர், வாடகைக்காரர்கள் இன்று இருப்பார்கள் நாளை போவார்கள் என்றார். நாம் மட்டும் இங்கேயே இருந்துவிடப் போகிறோமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை. குலுக்கல் யோசனையைச் செயலாளரே ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

நேற்று சாயங்காலம் மூன்றாம் மாடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அவர் உள்ளே போய் ஒரு கிளிப்பில் கோத்த காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு வருட மீட்டர் கணக்கு, ஒரு நாள் விடாமல், இரவும் காலையும். மூன்று வாரமாக ராத்திரியில் தண்ணீர் மறுபடி குறைகிறதாம். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை என்றார்.